வசூலுக்கு 3 மாதம், ஆய்வுக்கு 15 வருடம்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்து, இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். ஆனால் முழுதாக வாசியுங்கள்.

நம் பக்கத்தில் "மஹரகம" என்பது வெறும் ஊர்ப் பெயர் இல்லை. "அவர மஹரகமக்குக் கொண்டு போறாங்களாம்" என்று யாராவது சொன்னால் என்ன வருத்தம் என்று யாரும் கேட்பதில்லை. சொல்பவரின் குரலும் தாழ்ந்துவிடும், கேட்பவரின் முகமும் மாறிவிடும். அதே வசனத்தை 5 வயதுப் பிள்ளை ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே நிற்கும் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை ஒருமுறை இழுத்து அணைத்துக்கொள்வார்கள்.

அடுத்து நடப்பதும் நமக்குப் பழக்கமானதுதான். வட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையின் படம் வரும். கீழே வங்கிக் கணக்கு இலக்கம் வரும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது வாசலில் துண்டு விரித்திருக்கும். கையில் இருப்பதைப் போடுவோம். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளும் அனுப்புவார்கள். கொடுப்பதில் நம் சமூகம் பின்நின்றதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அப்படிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை அரசாங்கத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அதை நாம் இதுவரை கேட்டதே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நம்மால் முடிந்ததைப் பார்ப்போம்.

2016 ஞாபகம் இருக்கிறதா? மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வேண்டும் என்று கதீஜா பவுண்டேஷன் வசூலில் இறங்கியது. முன்னின்றவர் தன் மகனைப் புற்றுநோயில் பறிகொடுத்த ஒரு தந்தை. 200 மில்லியன் ரூபா என்றபோது பலர் சிரித்தார்கள். சில மாதங்களில் அந்தத் தொகை சேர்ந்தது. முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்று பார்க்காமல் நாடே கொடுத்தது. பாடசாலைப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்னர் 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஒரு கூட்டம் நடந்தே போய்ச் சேர்த்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016 இல் திரும்பவும் வடக்கிலிருந்து தெற்குக்கு நடந்தார்கள், இம்முறை கராப்பிட்டியவுக்காக.

ஆக இயந்திரம் வாங்கவும் கட்டடம் கட்டவும் இந்த நாட்டு மக்களால் முடியும். அது நிரூபிக்கப்பட்ட விடயம்.

இனி நம்மால் முடியாதது எது?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் உலகில் 19 வயது வரையான சுமார் 400,000 பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 100 க்கு 80 பேருக்கு மேல் சுகமாகிறார்கள். வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 பேர் கூட இல்லை. அதே நோய், அதே வயது. பிறந்த நாடுதான் வேறு.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மருந்து விலை என்றுதான் நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி ஆய்வு.

பட்டிப்பூ தெரியும்தானே? நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். ஊதாவும் வெள்ளையுமாக நம் முற்றத்திலும் வேலியோரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும். சீனி வருத்தத்துக்கு அதன் இலையைப் பாவிக்கும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. அந்தச் சீனி வருத்தக் கதை உண்மையா என்று ஆராயப் போனவர்கள்தான், அது இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்தச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டீன் என்ற மருந்து 1960களிலிருந்து பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. இன்றும் கொடுக்கப்படுகிறது. பூ நம் வீட்டு முற்றத்தில்தான் இருந்தது. தேடியவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள்.

ஆனால் மருந்தைக் கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு மருந்தைக் கொடுத்தால் பிள்ளை சில மாதங்கள் தெளியும், பிறகு நோய் திரும்பி வரும், மௌத்தாகும். எந்த மருந்தை எதனோடு சேர்ப்பது, எவ்வளவு, எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய புற்றுநோய் நிறுவனத்தில்தான் நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பே 1955 இல் அந்த நிறுவனம் பல வைத்தியசாலைகளை ஒரே ஆய்வுக் குழுவாகச் சேர்த்து அரச பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையின் விபரமும் எழுதப்பட்டது. ஒரு முறை மற்றதை விட நல்லதா என்று பார்த்து, நல்லதை எடுத்து, அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் திருத்தினார்கள். இப்படியே பல பத்து வருடங்கள். அன்று 100 இல் 10 பேர் கூடத் தப்பாத அந்த இரத்தப் புற்றுநோயில் இன்று அங்கே சுமார் 90 பேர் தப்புகிறார்கள்.

இதை மருந்துக் கம்பனிகள் செய்யாதா? செய்ய அவர்களுக்குக் காரணம் இல்லை. பெரியவர்களின் புற்றுநோயோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் புற்றுநோய் மிகக் குறைவு. அந்தக் குறைவும் பல வகைகளாகப் பிரிந்து கிடக்கிறது. வாங்க ஆள் குறைந்த பொருளைக் கடைக்காரர் இறக்குவாரா? நியூரோபிளாஸ்டோமா என்ற குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கான டினுடுக்ஸிமாப் என்ற மருந்து அமெரிக்காவில் 2015 இல்தான் அங்கீகாரம் பெற்றது. அதன் பெரிய பரிசோதனைக்குத் தேவையான மருந்தை அரசாங்கத்தின் அதே புற்றுநோய் நிறுவனமே தயாரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சந்தை கைவிடும் இடத்தில் அரசாங்கம் நிற்காவிட்டால், அந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் இல்லை.

இங்கேதான் நம் வசூலின் எல்லை தெரிகிறது. வசூல் 3 மாதம் ஓடும். 6 மாதம் ஓடினால் பெரிய விடயம். ஒரு பிள்ளையின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையே 2 முதல் 3 வருடம். அவர் உண்மையில் சுகமானாரா என்று சொல்ல இன்னும் பல வருடங்கள் பின்தொடர வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பின்தொடர்ந்தால்தான் ஒரு ஆய்வு. அதற்கு 10, 15 வருடம் தவறாமல் சம்பளம் வாங்கும் தாதியும், பதிவு எழுத்தரும், ஆய்வுகூட ஆளும் வேண்டும். ஒரு மையித்துச் செய்தியின் சூட்டில் சேரும் பணத்தால் இதை நடத்த முடியாது. வருடா வருடம் வரும் வரிப்பணத்தால்தான் முடியும்.

"ஆய்வு" என்றதும் நம்மில் பலருக்கு வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் மனதில் வருகின்றன. ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் செயல்நிலை ஆய்வு ஒன்று செய்யச் சொன்னபோது நாங்களும் அப்படித்தான் மிரண்டோம். விரிவுரையாளர் கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதினார். பிரச்சினை என்ன? எத்தனை பிள்ளைகளுக்கு? என்ன செய்து பார்த்தீர்கள்? அதற்குப் பிறகு எத்தனை பேர் மாறினார்கள்? "இதை நேர்மையாக எழுதி வைத்தால் அது ஆய்வு" என்றார். நான் படித்ததில் இன்றுவரை உதவுவது அந்த நான்கு கேள்விகள்தான்.

இலங்கையில் பிள்ளைகளின் புற்றுநோய்க்கு முதலில் தேவைப்படுவதும் அந்த வகை ஆய்வுதான்.

தாய்க்கு முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து பிள்ளை மஹரகமைக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது? தாமதம் எந்தப் படியில்? எத்தனை பிள்ளைகள் சிகிச்சையை நடுவில் விட்டுவிடுகிறார்கள்? பஸ் காசு இல்லாமலா, தங்க இடம் இல்லாமலா, வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமலா? எத்தனை பேர் புற்றுநோயால் அல்லாமல் கீமோ நேரத்தில் வரும் கிருமித் தொற்றால் மௌத்தாகிறார்கள்? 5 வருடம் கழித்து எத்தனை பேர் ஓடி விளையாடுகிறார்கள்?

என் வகுப்பில் ஒரு பிள்ளை படித்தாள். கால் நோகுது, கால் நோகுது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். உம்மா இரண்டு மூன்று இடங்களில் காட்டினார். வளரும் வயது வலி என்றார்கள். ஓடி விழுந்திருப்பாள் என்றார்கள். வலிக்குப் பாணி மருந்து கொடுத்தார்கள். மாதங்கள் போன பிறகு, உடம்பில் நீலத் தழும்புகள் வந்த பிறகுதான் இரத்தம் சோதித்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் அவள் திரும்பி வந்தாள். முடி முளைக்காத தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். அவளுடைய பெயருக்கு நேரே வரவு இடாப்பில் எத்தனை நாள் வெற்றிடம் இருந்தது என்று என்னால் இன்றும் எண்ணிச் சொல்ல முடியும். ஒரு சாதாரணப் பாடசாலை ஒரு பிள்ளையின் வரவை அவ்வளவு கவனமாக எழுதுகிறது. ஒரு நாடு தன் பிள்ளைகளின் உயிருக்கு அதே போன்றதோர் இடாப்பை வைத்திருக்கக் கூடாதா?

நியாயமாகச் சொல்ல வேண்டும். இங்கே ஒன்றுமே இல்லை என்று இல்லை. தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1980 இலிருந்து இயங்குகிறது. 1985 இலிருந்து தேசிய புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. நம் பிராந்தியத்தில் அது சின்ன விடயம் இல்லை. சிகிச்சை இலவசம். வாட்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு, இரவில் கண் விழித்து ஆய்வுக் கட்டுரை எழுதும் வைத்தியர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் பதிவேட்டின் முதன்மையான வேலை யாருக்கு நோய் வந்தது என்று எண்ணுவது. வந்த பிள்ளை என்ன ஆனாள் என்று வருடக்கணக்கில் கூடவே போய்ப் பார்ப்பது வேறு வேலை. அதை வைத்தியரின் தூக்கத்தில் கடன் வாங்கிச் செய்ய முடியாது. நாட்டின் மொத்த உற்பத்தியில் எல்லாத் துறை ஆய்வுக்கும் சேர்த்தே நாம் செலவிடுவது ஏறத்தாழ 0.1 வீதம். 1000 ரூபாவில் ஒரு ரூபா. அந்த ஒரு ரூபாவில் நெல்லும் தேயிலையும் கடலும் போக, பிள்ளைகளின் புற்றுநோய்க்கு எத்தனை சதம் மிஞ்சும்?

இப்போது சிலர் கேட்பீர்கள். 2022 இல் மருந்துக்கே டொலர் இல்லாமல் தவித்த நாடு இது. நல்ல நல்ல வைத்தியர்கள் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள். இந்த நிலையில் ஆய்வா? அமெரிக்காக்காரர் கண்டுபிடிப்பதை நாம் எடுத்துக்கொண்டால் போதாதா?

இதற்கு விடை பக்கத்து நாட்டில் இருக்கிறது. 1970களில் இந்தியாவின் பெரிய புற்றுநோய் நிலையங்களில் கூட இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளும் இளைஞர்களும் தப்புவது அரிதாக இருந்தது. 1980களில் மும்பையின் டாட்டா நினைவு வைத்தியசாலை, டெல்லியின் எய்ம்ஸ், சென்னையின் அடையாறு புற்றுநோய் நிலையம் மூன்றும் அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே சிகிச்சை முறையை வகுத்துக்கொண்டன. எம்சிபி 841 என்று அதற்குப் பெயர். உலகம் அறியாத புது மருந்து எதையும் அவர்கள் தேடவில்லை. தங்கள் நாட்டுப் பிள்ளையின் உடம்பு தாங்கும் அளவில், தங்கள் வாட்டில் செய்யக்கூடிய விதத்தில் முறையை அமைத்தார்கள். கிருமித் தொற்று, இரத்தம் ஏற்றுதல் போன்ற பக்கத்துணைக் கவனிப்பைத் திருத்தினார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். நோய் திரும்பாமல் 4 வருடம் கடந்தவர்கள் 100 க்கு 20 பேருக்கும் குறைவாக இருந்த இடத்தில் 45 முதல் 60 பேர் வரை ஆனார்கள்.

கவனியுங்கள். அமெரிக்காவின் முறையை அப்படியே பிரதி எடுத்திருந்தால் இது நடந்திருக்காது. கடுமையான கீமோவைத் தாங்க அங்கே இருக்கும் தனி அறையும் இரத்த வசதியும் இங்கே இல்லாவிட்டால், நோயைக் கொல்லும் மருந்தே பிள்ளையையும் கொண்டு போய்விடும். மூதூரிலிருந்து இரவு பஸ் ஏறி வரும் பிள்ளைக்கு எந்த முறை சரி என்பதை பொஸ்டனில் இருப்பவர் கண்டுபிடித்துத் தர மாட்டார். அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். காசு குறைந்த நாட்டுக்குத்தான் இது இன்னும் அவசரம். எது வேலை செய்கிறது என்று தெரியாமல் செலவழிப்பது பணக்காரருக்குக் கட்டும், நமக்குக் கட்டாது.

"பணம் எங்கே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறுமியின் கதை. அமெரிக்காவில் கேப்ரியெல்லா மில்லர் என்ற சிறுமிக்கு மூளையில் புற்றுநோய். சுகமாக்க முடியாத வகை. நோயோடு இருந்துகொண்டே அரசியல்வாதிகளிடம் ஆய்வுக்குப் பணம் கேட்டாள். 2013 இல் 10 வயதில் இறந்துபோனாள். 2014 இல் அவளுடைய பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அரசியல் கட்சிகள் ஜனாதிபதி வேட்பாளர் மாநாடு நடத்த அரசாங்கம் கொடுத்து வந்த பணத்தை நிறுத்தி, 10 வருடத்துக்கு 126 மில்லியன் டொலரைப் பிள்ளைகளின் நோய் ஆய்வுக்கு ஒதுக்க வழி செய்தார்கள். எதிரும் புதிருமான இரண்டு கட்சிகளிலிருந்தும் அதற்கு ஆதரவு வாக்குகள் விழுந்தன. மேடைக்கும் தோரணத்துக்கும் போன காசு பிள்ளைகளுக்குத் திரும்பியது. நம் நாட்டில் மேடைக்கும் தோரணத்துக்கும் குறைவா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. நாமெல்லாம் வரி கட்டாதவர்கள் போலப் பேசுகிறோம். 2024 இலிருந்து வற் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கினாலும் ரீலோட் போட்டாலும் கட்டுகிறோம். ஆட்டோ ஓட்டுபவரும் மீன் விற்பவரும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்திலிருந்து கேட்பது பிச்சை இல்லை, நம் பங்கு.

தீன் பக்கமாகவும் ஒரு வார்த்தை. நோயை இறக்கியவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியே இருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அப்படியானால் மருந்து இருக்கிறது. தேடுவதுதான் பாக்கி. தேடாமல் இருந்துவிட்டு கத்ரின் மீது பழியைப் போடுவது தவக்குல் ஆகாது. ஒருவர் மௌத்தான பிறகும் நன்மை தொடர்ந்து சேரும் மூன்று விடயங்களில் ஒன்று பயன் தரும் அறிவு என்று மத்ரஸாவில் ஓதிய சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிணறு வெட்டுகிறோம், பள்ளிவாசலுக்குத் தளம் போடுகிறோம், நல்லது. 100 பிள்ளைகளின் சிகிச்சையை ஒழுங்காக எழுதி வைத்து, 101 ஆவது பிள்ளையைக் காப்பாற்றும் அறிவும் ஸதகதுல் ஜாரியாதான்.

என்ன செய்யலாம்? நான்கு விடயங்கள் சொல்கிறேன்.

ஒன்று. வரவு செலவுத் திட்டத்தில் பிள்ளைகளின் புற்றுநோய் ஆய்வுக்கென்று தனி ஒதுக்கீடு வேண்டும். வேறு தலைப்புக்குள் கரைந்துபோகாத, வருடா வருடம் தொடரும் ஒதுக்கீடு.

இரண்டு. புற்றுநோய் வந்த ஒவ்வொரு பிள்ளையையும் குறைந்தது 5 வருடம் பின்தொடரும் தேசியப் பதிவு வேண்டும். அதன் முடிவுகள் மூன்று மொழியிலும் வருடாந்தம் வெளிவர வேண்டும். பிள்ளையின் பெயரும் ஊரும் காக்கப்பட வேண்டும், எண்ணிக்கை திறந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2018 இல் ஓர் இலக்கு வைத்தது. 2030 க்குள் புற்றுநோய் வரும் பிள்ளைகளில் குறைந்தது 60 வீதமாவது தப்ப வேண்டும். அதை நாம் அடைந்தோமா இல்லையா என்று நம் கையால் எண்ணிச் சொல்ல வேண்டும்.

மூன்று. நம் வாக்கைக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள். கொங்ரீட் வீதியும் மின்விளக்கும் கேட்போம், கூடவே இதையும் கேட்போம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் ஒரு கடிதமாவது எழுதலாம். சுகாதார அமைச்சின் செலவினம் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வரும் நாளில் நம் உறுப்பினர் எழும்பி இதைப் பேசினாரா என்று பாருங்கள். பேசினால் நன்றி சொல்லுங்கள்.

நான்கு. இது நம் வீட்டு வேலை. காரணம் தெரியாத காய்ச்சல் நீண்டால், பிள்ளை வெளிறிப்போனால், அடிபடாமலே தழும்பு வந்தால், எலும்பு நோவு விடாமல் இருந்தால், வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், காலையில் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தால், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்ணின் கருமணி வெள்ளையாகத் தெரிந்தால், தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. ஆனாலும் காட்டுங்கள். சிகிச்சை தொடங்கினால் நடுவில் நிறுத்த வேண்டாம். ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் யாரும் தடுக்கவில்லை, கீமோவோடு சேர்த்துச் செய்யுங்கள். வைத்தியசாலையில் ஆய்வுக்காக விபரம் கேட்டால், என்ன ஏது என்று விளங்கிக்கொண்டு ஒத்துழையுங்கள். உங்கள் பிள்ளையின் கதை வேறொரு தாயின் பிள்ளைக்கு உதவும்.

செப்டம்பர் மாதத்தில் பிள்ளைகளின் புற்றுநோய்க்காகப் பொன் நிற ரிபன் குத்துகிறார்கள். குத்தலாம், தப்பில்லை. அதே மாதத்தில் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கான கணக்குகளும் கொழும்பில் மேசைகளில் விரிந்திருக்கும். ரிபனோடு ஒரு கடிதமும் போகட்டும்.

இந்த நேரத்தில் மஹரகம வாட்டில் பிள்ளையின் கட்டிலோரம் இருக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும், அவர்கள் எந்த இனமாக இருந்தாலும், அல்லாஹ் பொறுமையைக் கொடுப்பானாக. அந்தப் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவைக் கொடுப்பானாக. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும் தைரியத்தை நமக்கும் கொடுப்பானாக. ஆமீன்.

சரி என்று பட்டால் உங்கள் பள்ளிவாசல் குரூப்பிலும் பாடசாலைக் குரூப்பிலும் போடுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.